எத்தனை மணிக்குப் போகிறீர்கள்?

2006 ஆகஸ்டு மாதம். மிச்சிகன் மாநிலத்தில் பிரைமரி தேர்தல், அதாவது கட்சிகளின் வேட்பாளர் யார் என்று முடிவுசெய்யும் முதற்கட்டத் தேர்தல். ஊரைக் கலக்கும் போட்டி எதுவும் இல்லை. வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன்பு சில வீடுகளின் தபால் பெட்டியில் ஒரு கடிதம் விழுந்தது. மேலே கொட்டை எழுத்தில் ஒரு கேள்வி: நீங்கள் வாக்களித்தீர்களா என்பது அக்கம்பக்கத்தாருக்குத் தெரிந்தால்? கீழே ஓர் அட்டவணை. அதே தெருக்காரர்களின் பெயர்கள் வரிசையாக. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே 2004இன் இரண்டு தேர்தல்களுக்கு இரண்டு கட்டங்கள். போனவருக்கு ‘வாக்களித்தார்’ என்று அச்சாகியிருந்தது, போகாதவருக்கு வெற்றிடம். மூன்றாவது கட்டம் எல்லோருக்கும் காலி. தேர்தல் முடிந்ததும் அதையும் நிரப்பி இதே தெருவுக்கு மறுபடி அனுப்புவோம் என்றது கடிதம்.

இது ஒரு ஆய்வு. ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன், கிறிஸ்டோபர் லாரிமர் என்ற மூன்று அரசியல் அறிவியலாளர்கள் சுமார் 1,80,000 குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்தார்கள். எந்தக் கடிதமும் போகாதவர்களில் 29.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். ‘வாக்களிப்பது குடிமைக் கடமை’ என்று மட்டும் சொன்ன கடிதம் போன வீடுகளில் 31.5. தெருவின் பட்டியல் போன வீடுகளில் 37.8. ஒரே ஒரு தாள், எட்டு சதவீதப் புள்ளி.

இந்தக் கடிதம் சாத்தியமானதற்கு ஒரு காரணம் உண்டு. யாருக்கு வாக்களித்தீர்கள் என்பது அமெரிக்காவிலும் ரகசியம்தான். ஆனால் வாக்களித்தீர்களா இல்லையா என்பது அரசு ஆவணம். கட்சிகளும் ஆய்வாளர்களும் மாநிலத்திடமிருந்து கேட்டு வாங்கலாம். பிரச்சாரங்கள் எந்தக் கதவைத் தட்டுவது என்று முடிவுசெய்வதே இந்தக் கோப்பை வைத்துத்தான். கடிதம் கிடைத்தவர்களில் பலர் கோபப்பட்டார்கள், அது நியாயமான கோபம். பக்கத்து வீட்டுக்காரரைக் காட்டி வெட்கப்படவைத்துக் கூட்டும் வாக்கு எனக்கு உவப்பானதல்ல. ஆனாலும் அந்த எண்கள் ஒன்றைத் தெளிவாகக் காட்டிவிட்டன: கடமை என்று பொதுவாகச் சொன்னால் பலன் சொற்பம், உன்னை ஒருவர் கவனிக்கிறார், உன்னிடம் ஒருவர் கேட்கிறார் என்றால் மனிதர் கிளம்புகிறார்.

ஒவ்வொரு தேர்தல் பருவத்திலும் அமெரிக்க மக்களுக்கு அரசியலில் அக்கறை இல்லை என்ற பேச்சு கிளம்பும். இதை நான் ஏற்பதில்லை. 2014 இடைக்காலத் தேர்தலில், அதாவது இரண்டு அதிபர் தேர்தல்களுக்கு நடுவே வரும் நாடாளுமன்றத் தேர்தலில், வாக்களிக்கத் தகுதியுள்ளவர்களில் 37 சதவீதத்துக்கும் குறைவானவர்களே வந்தார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்துக்குப் பிறகு அவ்வளவு தாழ்ந்ததில்லை. நான்கே ஆண்டுகளில், 2018இல், அது ஏறத்தாழ 50ஐத் தொட்டது. 2016 அதிபர் தேர்தலில் சுமார் 60, 2020இல் சுமார் 66, 2024இல் சுமார் 64. நான்காண்டில் ஒரு நாட்டு மக்களின் சுபாவம் மாறிவிடாது. அக்கறையில்லை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, வழியில் போட்டிருக்கும் படிகளும் யாரும் வந்து கேட்காததும்தான்.

படிகளில் முதலாவது பதிவு. அமெரிக்காவில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ப்பது பெரும்பாலும் குடிமகன் தலையில் விழும் வேலை. வீடு மாறினால் பதிவும் கூடவே வந்துவிடும் என்று நம்பக்கூடாது. வேறு மாநிலம் போனால் புதிதாகப் பதிய வேண்டும். வட டகோடாவில் பதிவே கிடையாது, அடையாள அட்டையோடு போய் வாக்களிக்கலாம். மினசோட்டாவில் 1970களிலிருந்தே வாக்குப்பதிவு நாளன்றே சாவடியில் பதிந்துகொண்டு வாக்களிக்கலாம். ஆரகன் 2016இல் டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்துக்கு வரும் தகுதியுள்ளவர்களைத் தானாகவே பட்டியலில் சேர்க்கத் தொடங்கியது. டெக்சாஸில் தேர்தலுக்கு 30 நாட்களுக்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். லைசென்ஸை இணையத்தில் புதுப்பிக்கும்போது கூடவே செய்தால் ஒழிய, இணையத்திலேயே பதிவை முடிக்க வழியில்லை. படிவத்தைத் திரையில் நிரப்பலாம்; பிறகு அச்சிட்டு, பேனாவால் கையெழுத்திட்டு, கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். பிரிண்டர் இல்லாத, போன மாதம்தான் வாடகை வீடு மாறிய 22 வயதுக்காரரை நினைத்துப்பாருங்கள். தேர்தல் சூடு பிடித்து அவருக்கு ஆர்வம் வரும் நேரம் அக்டோபர் நடு. கெடு அதற்கு முன்பே போய்விட்டது.

2024இல் மினசோட்டாவில் நான்கில் மூன்று பேர் வாக்களித்தார்கள். டெக்சாஸில் 57 சதவீதத்தை ஒட்டி நின்றது. இரண்டுமே அதிபர் போட்டியில் முடிவு ஓரளவு முன்கூட்டியே தெரிந்த மாநிலங்கள்.

படிகளை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லிவிட முடியாது. ஹவாய் இதற்கு எதிர்சாட்சி. அங்கே பதிந்த எல்லோருக்கும் வாக்குச்சீட்டு வீட்டுக்கே வரும், அன்றே பதிந்தும் வாக்களிக்கலாம். ஆனாலும் 2024இல் பாதிப்பேர்தான் வாக்களித்தார்கள். ஒரே கட்சி ஆண்டாண்டுகாலமாக வெல்லும் இடத்தில், கண்டத்தின் நேரக்கணக்கில் ஏறத்தாழக் கடைசியாகச் சாவடி மூடும் தீவில், வேகம் குறைவது இயல்பு. படிகளும் குறைய வேண்டும், வாக்களிக்கக் காரணமும் வேண்டும்.

பதிந்த பெயர் பட்டியலில் நிலைப்பதும் தனிக் கவலை. 1993இன் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டப்படி, ஒருவர் இடம்பெயர்ந்துவிட்டார் என்று சந்தேகித்தால் அரசு அவருக்கு ஓர் அட்டை அனுப்ப வேண்டும். பதில் வராமல், அடுத்த இரண்டு பொதுத்தேர்தல்களிலும் அவர் வாக்களிக்காவிட்டால் பெயரை நீக்கலாம். ஓஹாயோ இந்தச் சந்தேகத்துக்கு வைத்த அளவுகோல், இரண்டு ஆண்டு வாக்களிக்காமல் இருப்பது. அந்த அட்டை பார்ப்பதற்கு விளம்பரத் தபால்போல் இருந்தால் குப்பைக்குத்தான் போகும். அங்கே கடற்படையின் முன்னாள் வீரர் ஒருவர், வீடு மாறாமல் அதே முகவரியில் இருந்தவர், 2015இல் வாக்களிக்கப் போனபோது பட்டியலில் பெயர் இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2018இல் 5-4 என்று மாநிலத்துக்குச் சாதகமாக முடிந்தது. வாக்களிக்காமல் இருப்பதையே அட்டை அனுப்பக் காரணமாக்கலாம் என்றாகிவிட்டது. இந்தத் தீர்ப்பு தவறு என்றே நினைக்கிறேன். இரண்டு தேர்தலுக்கு மனம் வராமல் மூன்றாவதில் மனம் வந்தவர்தான் ஜனநாயகத்துக்கு மிகவும் தேவைப்படுபவர்; அவரைத்தான் வாசலில் நிறுத்துகிறது.

அதனால் செப்டம்பரிலேயே ஒரு வேலை செய்யுங்கள், அல்லது உங்கள் வீட்டு வாக்காளரைச் செய்யச் சொல்லுங்கள். மாநிலத் தேர்தல் அலுவலகத்தின் தளத்தில் பெயர், பிறந்த தேதி போட்டுப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியே முகவரியையும், எந்தக் கட்சியின் வாக்காளராகப் பதிந்திருக்கிறீர்கள் என்பதையும், எந்தச் சாவடி என்பதையும் சரிபாருங்கள். சாவடிகள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். 2016 மார்ச்சில் அரிசோனாவின் மாரிகோப்பா கவுன்டி பிரைமரிக்கு வைத்திருந்த சாவடிகள் 60தான். 2012இல் 200 இருந்தன. ஃபீனிக்ஸ் நகரில் மக்கள் ஐந்து மணி நேரம் வரை வரிசையில் நின்றார்கள். 2013க்கு முன்பாக இருந்தால், இன ஒதுக்கல் வரலாறு கொண்ட அரிசோனா போன்ற மாநிலங்கள் இத்தகைய மாற்றத்துக்கு மத்திய அரசின் முன்னனுமதி வாங்கியிருக்க வேண்டும். ஷெல்பி கவுன்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1965 வாக்குரிமைச் சட்டத்தின் அந்தப் பகுதியைச் செயலிழக்கச் செய்த மூன்றாம் ஆண்டில்தான் இது நடந்தது.

வரிசையில் நிற்பவருக்கு இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். சாவடி மூடும் நேரத்தில் நீங்கள் வரிசையில் இருந்தால் வாக்களிக்காமல் யாரும் திருப்பியனுப்ப முடியாது, நகராதீர்கள். பட்டியலில் பெயர் இல்லை என்றால் ப்ரொவிஷனல் வாக்குச்சீட்டு கேளுங்கள். 2002 சட்டம் தந்த வழி அது: சீட்டைத் தனி உறையில் வைத்து, தகுதியை விசாரித்தபின் எண்ணுவார்கள். ஆனால் சரியான சாவடிக்குப் போக நேரமிருந்தால் அங்கே போவதே மேல். தவறான சாவடியில் போட்ட ப்ரொவிஷனல் சீட்டைப் பல மாநிலங்கள் முழுதாகத் தள்ளிவிடுகின்றன.

தபால் வாக்கில் தவறு நேரும் இடங்கள் வேறு. பென்சில்வேனியாவை எடுத்துக்கொள்வோம், அங்கேதான் இது மிக நுணுக்கம். வீட்டுக்கு வரும் பொட்டலத்தில் வாக்குச்சீட்டும் இரண்டு உறைகளும் இருக்கும். சீட்டை முதலில் ரகசிய உறையில் போட்டு ஒட்ட வேண்டும். அந்த உறையில் பெயரோ கோடோ எதுவும் எழுதக்கூடாது. அதை வெளி உறைக்குள் வைத்து, வெளி உறையின் பின்பக்க உறுதிமொழியில் கையெழுத்தும் அன்றைய தேதியும் இட வேண்டும். ரகசிய உறையை மறந்து நேராக வெளி உறையில் போட்டால் அந்தச் சீட்டுக்கு அங்கே ‘அம்மணச் சீட்டு’ என்றே பெயர். 2020 செப்டம்பரில் மாநில உச்ச நீதிமன்றம் அதை எண்ணக்கூடாது என்று தீர்ப்பளித்தது. தேதிக்குப் பதில் பிறந்தநாளை எழுதிவிடுபவர்கள் உண்டு. தேதி தவறிய உறைகளை எண்ணலாமா என்று ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்தன. இன்னொரு கண்ணி: தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் உறை கவுன்டி அலுவலகத்தின் கையில் இருக்க வேண்டும். அஞ்சல் முத்திரையின் தேதி செல்லாது. கடைசி வாரத்தில் தபால் பெட்டியை நம்பாமல் நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதே புத்தி. உறையில் பிழை என்று தகவல் வந்தால், தேர்தல் நாளில் சாவடிக்குப் போய் ப்ரொவிஷனல் சீட்டுப் போட்டு வாக்கைக் காப்பாற்றலாம் என்று 2024 அக்டோபரில் அதே நீதிமன்றம் சொன்னது.

இந்த உறைகளை அங்கே தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன்பு திறக்கவே சட்டம் இடம் தருவதில்லை. 2020இல் லட்சக்கணக்கில் குவிந்தபோது எண்ணிக்கை நாட்கணக்கில் நீண்டது. செவ்வாய் இரவு முன்னிலையில் இருந்தவர் வெள்ளிக்கிழமை பின்தங்கினார். உறையைப் பிரிக்கும் நேரத்தைப் பற்றிய ஒரு விதி, திருட்டு நடந்தது என்ற கதைக்கு விதையாகிவிட்டது.

அந்தக் கதையின் விலை என்ன என்று ஜார்ஜியாவில் பார்க்கலாம். அங்கே சுமார் 50 லட்சம் சீட்டுகளையும் கையால் எண்ணிப் பார்த்தார்கள். அதன் பின் வந்த மறு எண்ணிக்கையும் முடிந்து பைடனின் வித்தியாசம் 11,779 என்று நின்றது. இருந்தும் தேர்தலே மோசடி என்ற பேச்சு ஓயவில்லை. 2021 ஜனவரியில் அதே மாநிலத்தில் இரண்டு செனட் இடங்களுக்கு மறுதேர்தல் வந்தது. குடியரசுக் கட்சி வலுவாக உள்ள பகுதிகளில் வாக்குப்பதிவு நவம்பரைவிடக் கூடுதலாகச் சரிந்து, கட்சி இரண்டையும் இழந்தது. உன் வாக்கை எண்ணவே மாட்டார்கள் என்று தன் ஆட்களிடமே சொன்னால் அவர்கள் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். வன்முறையாக அந்தப் பேச்சு வெடித்தது அடுத்த நாள், நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட ஜனவரி 6. அதன் விளைவாக 2022 இறுதியில் சட்டம் மாறியது: அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்க மாநிலங்கள் அனுப்பும் தேர்வாளர்களின் வாக்குகளை நாடாளுமன்றத்தில் எதிர்க்க முன்பு ஒவ்வொரு அவையிலும் ஒருவர் போதும், இப்போது ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும். நல்ல திருத்தம்தான். ஆனால் நம்பிக்கை சட்டத்தால் மட்டும் திரும்புவதில்லை. தன் கட்சி வென்றால் எண்ணிக்கை நியாயமானது, தோற்றால் சந்தேகம் என்பது இரு தரப்பிலும் கருத்துக்கணிப்புகளில் மாறி மாறித் தெரிகிறது. இப்போதைய அமெரிக்க ஜனநாயகத்தில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

‘என் ஒரு வாக்கால் என்ன ஆகப்போகிறது’ என்ற கேள்வியைக் கேலி செய்யக்கூடாது. அதிபர் தேர்தலைப் பொறுத்தவரை அதற்கு நியாயம் இருக்கிறது. 538 தேர்வாளர்களில் 270 பெற்றவர் அதிபர். 2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுக்கச் சுமார் 29 லட்சம் வாக்குகள் கூடுதலாகப் பெற்றும் தோற்றார். 2024இல் பணமும் விளம்பரமும் எந்தப் பக்கமும் சாயக்கூடிய ஏழு ‘ஸ்விங்’ மாநிலங்களில் கொட்டின. கலிபோர்னியாவிலோ டென்னசியிலோ கதவைத் தட்டியவர்கள் குறைவு. நாடாளுமன்றத் தொகுதி எல்லைகளை ஒரு கட்சிக்குச் சாதகமாக வரைவதில் தலையிட மாட்டோம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் கைவிரித்துவிட்டது.

ஆனால் அமெரிக்க வாக்குச்சீட்டு நீளமானது. மாநில சட்டமன்றம், நீதிபதி, ஷெரிஃப், பள்ளிக் குழு என்று அது இறங்கிக்கொண்டே போகும். பலர் மேலே இரண்டு வட்டத்தை நிரப்பிவிட்டுக் கீழே வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். வாக்கின் எடை கூடுவது அந்தக் கீழ்ப்பகுதியில்தான். 2017இல் வர்ஜீனியாவின் 94ஆம் சட்டமன்றத் தொகுதியில் மறு எண்ணிக்கையில் ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஒரு வாக்கில் வென்றார். மறுநாள் நீதிபதிகள், இரு வேட்பாளர் வட்டமும் நிரம்பி அவற்றில் ஒன்றின் மேல் கோடு கிழித்திருந்த ஒற்றைச் சீட்டை எதிர்த்தரப்புக்குச் சேர்த்தார்கள். இருவருக்கும் தலா 11,608. 2018 ஜனவரி 4 அன்று இரண்டு பெயர்களையும் பழைய ஃபிலிம் டப்பாக்களில் சுருட்டி, ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டுக் கலக்கி, ஒன்றை எடுத்தார்கள். குடியரசுக் கட்சிக்காரரின் பெயர் வந்தது. அவை 50-50 என்று ஆகாமல் 51-49 என்று அக்கட்சியின் கையில் தங்கியது. தொகுதி எல்லையோரத்தில் சில வாக்காளர்களுக்குத் தவறான தொகுதியின் சீட்டைக் கொடுத்திருந்தார்கள் என்று பிறகு தெரியவந்தது.

தேர்தல் நாளை எப்போது வைப்பது என்பதும் வாக்குப்பதிவைத் தீர்மானிக்கும். லாஸ் ஏஞ்சலஸ் மேயர் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டில் தனியாக நடந்த 2013இல் பதிந்த வாக்காளர்களில் கால்வாசிப்பேர்கூட வரவில்லை. மற்றத் தேர்தல்களோடு சேர்த்து நவம்பருக்கு மாற்றிய பிறகு, 2022இல் 40 சதவீதத்தைத் தாண்டியது. செலவும் குறைவு, எந்தப் பிரச்சாரமும் தேவைப்படவில்லை.

இனி கேட்பது பற்றி. கெர்பரும் கிரீனும் 1998இல் நியூஹேவன் நகரில் செய்த சோதனையில், நேரில் போய்ப் பேசிய வீடுகளில் வாக்குப்பதிவு எட்டு சதவீதப் புள்ளிக்கு மேல் கூடியது. கூலிக்கு அமர்த்திய தொலைபேசி நிலையத்திலிருந்து எழுதிக்கொடுத்ததைப் படித்த அழைப்புகளால் அப்படிப் பலன் கிடைக்கவில்லை. ஏற்கெனவே ஊர் முழுக்கப் பேசும் அதிபர் தேர்தலில் கதவு தட்டும் பலன் குறையும். யாரும் கண்டுகொள்ளாத தேர்தலில்தான் கூடும். 2008 பென்சில்வேனியா பிரைமரியின்போது டேவிட் நிக்கர்சனும் டாட் ராஜர்ஸும் இன்னும் எளிய ஒன்றைச் சோதித்தார்கள். வாக்களிப்பீர்களா என்று கேட்டபின் மூன்று கேள்விகள்: எத்தனை மணிக்குப் போவீர்கள்? எங்கிருந்து கிளம்புவீர்கள்? அதற்குச் சற்று முன்பு என்ன செய்துகொண்டிருப்பீர்கள்? பேசியவர்களிடம் வாக்குப்பதிவு சுமார் நான்கு புள்ளி கூடியது. வீட்டில் ஒரே வாக்காளர் மட்டும் உள்ள இடங்களில் ஒன்பது புள்ளி. பலர் உள்ள வீட்டில் மாற்றமே அநேகமாக இல்லை. அங்கே காலையில் யார் பிள்ளையைப் பள்ளியில் விடுவது, யார் எப்போது சாவடிக்குப் போவது என்ற பேச்சு ஏற்கெனவே நடந்திருக்கும். தனியாக இருப்பவரிடம் அதைக் கேட்க ஆளில்லை. தேர்தல் நாள் செவ்வாய்க்கிழமை, 1845ஆம் ஆண்டுச் சட்டம் வைத்த நாள், நாடு முழுவதற்கும் விடுமுறை கிடையாது. வேலை நாளில் இந்தக் கேள்விக்கு முன்கூட்டியே விடை இல்லாதவர் மாலை ஆறு மணிக்குச் சோர்ந்து வீட்டுக்குப் போய்விடுகிறார். தன்னார்வலராகப் போகிறவர்கள் கொள்கை விளக்கத்தைக் குறைத்துக்கொண்டு இந்த மூன்றையும் கேளுங்கள்.

தமிழ்க் குடும்பங்களுக்கென்று சில எச்சரிக்கைகள். க்ரீன் கார்டு உள்ளவர் வாக்காளர் இல்லை. டிரைவிங் லைசென்ஸ் படிவத்திலோ திரையிலோ ‘குடிமகன்’ என்ற கட்டத்தைக் கவனிக்காமல் தொட்டு, பதிவு அட்டை வீட்டுக்கு வந்துவிட்டால் மகிழ வேண்டாம். குடியுரிமை பெற்றதாகப் பொய்யாகச் சொல்வது நாடுகடத்தலுக்கே காரணமாகலாம். குடியுரிமை விண்ணப்பத்திலும் எப்போதாவது பதிந்தீர்களா என்ற கேள்வி நேராக வரும். அப்படி நேர்ந்திருந்தால், வாக்களிக்காமல், முதலில் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள்.

குடியுரிமை வாங்கியவர்களுக்குப் பெயர் ஒரு தலைவலி. முதலெழுத்தும் ஒற்றைப் பெயரும் கொண்ட நம் வழக்கம் அமெரிக்கப் படிவத்தின் இரண்டு கட்டங்களில் அடங்காது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தவருக்கு விசாவில் ‘எஃப்என்யு’, அதாவது முதற்பெயர் தெரியாது என்று விழும். சிலருக்கு அதுவே லைசென்ஸ் வரை தொடரும். பதிவை லைசென்ஸ், சமூகப் பாதுகாப்புக் கோப்புகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது எழுத்து இடித்தால் சிக்கல். 2018இல் ஜார்ஜியா எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும் என்றபோது சுமார் 53,000 விண்ணப்பங்கள் நிலுவையில் நின்றன, பெரும்பாலும் கறுப்பின மக்களுடையவை. அவர்கள் அடையாள அட்டை காட்டி வாக்களிக்க வழியிருந்தது. ஆனால் நிலுவை என்று கேள்விப்பட்டபின் எத்தனை பேருக்கு மனம் வரும்? குடியுரிமை வாங்கும்போதே பெயரை ஒழுங்குபடுத்திக்கொண்டு, எல்லா ஆவணத்திலும் ஒரே எழுத்தில் வையுங்கள்.

பிள்ளைகளோடு வந்து குடியுரிமை பெற்ற வயதான பெற்றோருக்கு ஆங்கிலச் சீட்டைப் படிக்கத் தயக்கம் இருக்கும். வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு அவர்களுக்காகவே இருக்கிறது. படிக்க முடியாதவர் தனக்கு விருப்பமான எவரையும் சாவடிக்குள் துணைக்கு அழைத்துப்போகலாம். வேலை தரும் முதலாளியோ தொழிற்சங்கப் பிரதிநிதியோ மட்டும் கூடாது. மகனோ மகளோ பக்கத்து வீட்டு அம்மாவோ வரலாம். 2014இல் டெக்சாஸின் வில்லியம்சன் கவுன்டியில் வங்காளி பேசும் ஓர் அம்மா மகனை மொழிபெயர்க்க அழைத்துப்போனார். மகன் பக்கத்துக் கவுன்டியில் பதிந்தவர், ஆகவே உதவக்கூடாது என்று சாவடி அலுவலர்கள் மறுத்துவிட்டார்கள். மாநிலச் சட்டத்தின் ஒரு வரி அப்படிச் சொன்னது. அவர் உதவியின்றியே சீட்டோடு போராடி வாக்களித்துவிட்டுத் திரும்பினார். பிறகு வழக்குத் தொடுத்தார். அந்த வரி 208க்கு முரணானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இல் சொன்னபோது அவர் உயிரோடு இல்லை. இன்று டெக்சாஸில் ஒரு தமிழ் அம்மா பக்கத்து ஊர் மகனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனால், யாரும் அவரைப் பார்த்து நீ எந்தக் கவுன்டி என்று கேட்டுத் தடுக்க முடியாது.